கிராம்பு டாக்டரின் தாய்மாமன்

வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் விமானத்தைப் பற்றிப் பேச முடியாது. காசிமேட்டு மீன் ஏலக் கூடத்தில் அன்று காலை ஒருவர் அதைத்தான் முயன்றுகொண்டிருந்தார்.

பிளாஸ்டிக் மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார் அவர். எதிரே இன்னொரு கூடையில் ஒரு வெள்ளைக்காரர், நெற்றியில் சின்ன டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, அவருடைய கடைவாய்ப் பற்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நான். காலுக்கடியில் ஐஸ் உருகிய தண்ணீர் ஓடியது. பக்கத்தில் சங்கரா மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆ... ஓ... ஏ" என்றார் வாயைத் திறந்திருந்தவர்.

"இன்னா சொல்றாரு?" என்று அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என்னைக் கேட்டார்.

"ஏரோப்ளேன்னு சொல்றாரு."

"அத்த நானும் பாத்துகீறேன். எனக்கும் ரெண்டு பல்லு ஆடுது."

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். வெள்ளைக்காரர் டார்ச்சை அணைக்காமலே, இவர் எந்தப் பக்கம் பார்த்தார் என்று கேளுங்கள் என்றார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"எடது பக்கம், கீய."

வெள்ளைக்காரர் மடியிலிருந்த வரைபடத்தைப் பிரித்து, இடது பக்கம் கீழே விரலை நகர்த்தினார். விரல் போய் நின்ற இடம் மாத்தூர். அங்கே கடல் கிடையாது, வீட்டுமனைகள்தான் உண்டு. அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆள் சொன்னது பல்லை.

வரிசை ஏலக் கூடத்தைத் தாண்டி ஐஸ் பேக்டரி வாசல்வரை போயிருந்தது.

டெலிபோன் இங்கிலீஷ்

போன வாரம் என் கல்யாணப் புடவை ரயிலில் தொலைந்த கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். புடவை மறுநாளே கிடைத்துவிட்டது. அதைப் பற்றி இனிச் சொல்ல ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய பொருள் ஒன்று தொலைந்த கதை இருக்கும்போது புடவைக்கு எதற்கு இரண்டு வாரம்?

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிலோமினா, ராயபுரம். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். என் இங்கிலீஷ் டெலிபோன் இங்கிலீஷ். ஆள் எதிரில் நின்றால் பாதி மறந்துபோகும். அதனால் வெள்ளைக்காரரோடு பேசிய முதல் சில நாட்கள் சுவரைப் பார்த்தே பேசினேன். நம் ஊரில் அதுதான் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அவர் பெயர் கிரஹாம். ஆஸ்திரேலியாவில் ஏதோ சின்ன ஊரில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதை நெருங்கியிருப்பார். ஆள் நெடுநெடுவென்று உயரம், கூச்சம் அதிகம். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் யுத்த காலத்து விமானிகள் யாராவது இருக்கிறார்களா என்று எங்கள் பங்குச் சாமியாருக்கு எழுதிக் கேட்டிருந்தார். இல்லை, ஆனால் இங்கிலீஷ் பேசும் ஒரு அம்மா இருக்கிறார் என்று ஃபாதர் பதில் போட்டுவிட்டார். கேட்டது கிடைக்காவிட்டாலும் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி வந்துவிட்டார் மனிதர்.

தேடி வந்தது டாம் என்ற தன் மாமாவை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது செங்குன்றம் ஏரியில் கடல் விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரிலேயே இறங்கும், தண்ணீரிலிருந்தே கிளம்பும். அதில் ஒன்றில் டாமும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு காலையில் கடலைக் காவல் காக்கக் கிளம்பினார்கள். எண்ணூருக்கு நேரே கடலுக்குமேல் போனவரை தெரியும். அதற்கப்புறம் தெரியாது.

போட்டா, ப்ளேனா?

கடல் சமாச்சாரம் என்றால் எனக்குத் தெரிந்தது கன்னியம்மாதான். பல வருஷமாக எனக்கு மீன் விற்பவள். அவள் புருஷன் தேசப்பனுக்கு ஒரு மீன்பிடி லாஞ்ச் இருக்கிறது. கிரஹாமை அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

தேசப்பன் குறைவாகப் பேசுகிற மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது போட்டா, ப்ளேனா?" என்றார்.

"ரெண்டும்தான்."

"போட்டுன்னா முயுகக் கூடாது. ப்ளேன்னா வுயக் கூடாது. ரெண்டும் ஆயிடுச்சுன்றீங்க."

இதை எப்படி மொழிபெயர்ப்பது? மிகவும் வருத்தப்படுகிறார் என்று கிரஹாமிடம் சொன்னேன்.

கன்னியம்மாவுக்கு வேறு சந்தேகம். "அக்கா, போனவரு இவருக்கு இன்னா வேணும்?"

"அங்கிளாம்."

"அங்கிள்னா? பக்கத்து வூட்டுக்காரனக்கூட அங்கிள்னுதான் கூப்புடுதுங்க பசங்க. சித்தப்பாவா, பெரீப்பாவா, மாமாவா? ஒயுங்கா கேளு."

கேட்டேன். அம்மாவின் அண்ணன் என்றார் கிரஹாம்.

கன்னியம்மா நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "தாய்மாமனா? அத்த மொதல்லியே சொல்ல வாணாமா?" என்றாள். பிறகு, "இவரு பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாரா?"

"ஆமாம்."

"அப்ப யாரு மடில ஒக்கார வெச்சு இவருக்குக் காது குத்தினாங்க?"

கேட்கச் சொன்னாள், கேட்டேன். கிரஹாம் தன் காதுமடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, குத்தவே இல்லை என்றார். கன்னியம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்த நிமிஷத்திலிருந்து அது காசிமேட்டின் விவகாரமாகிவிட்டது. வெள்ளைக்காரன் ஒருத்தன் பழைய இரும்பு தேடி வந்திருக்கிறான் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள், தாய்மாமனைத் தேடி ஒருத்தர் வந்திருக்கிறார் என்று பேச ஆரம்பித்தார்கள்.

கிரஹாம் என்ற பெயர் அவர்கள் வாயில் கிராம்பு ஆயிற்று. பல் டாக்டருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன இருக்கிறது? நான் திருத்தவில்லை.

அந்தோணி சித்தப்பா

கன்னியம்மா வீட்டிலிருந்து திரும்பும் வழியில் ஆட்டோவில், சும்மா வரக்கூடாதே என்று, எங்கள் குடும்பத்தில் ஒருவர் காணாமல் போன கதையைச் சொன்னேன்.

அந்தோணி சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கப்புறம் கப்பலின் அடித்தட்டில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே கண்ணசந்தவர் எழுந்திருக்கவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது. இங்கே எல்லோரும் அவர் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று முடிவு கட்டி, கழியை விட்டுத் துழாவிப் பார்த்து, அழுது, முப்பதாம் நாள் பூசையும் வைத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் சித்தப்பா பினாங்கு வரை போய்விட்டு, யார் யாரோ கைமாற்றி அனுப்பி, கையில் ஒரு பூப்போட்ட ஃபிளாஸ்க்கோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வாசலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பசி. உட்கார்ந்துவிட்டார். ரசம் ஊற்ற வந்தவரிடம், "யாரு செத்தது?" என்று கேட்டார்.

"அந்தோணி."

"எந்த அந்தோணி?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாராம்.

கிரஹாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. என் அம்மாவுக்கு இந்தக் கதை பிடித்திருக்கும் என்றார்.

அவருடைய அம்மா சாகும்வரை அண்ணன் செத்ததாக ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அந்த வார்த்தையையே யாரும் சொல்லக் கூடாது. காணவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரு தடவை கிரஹாமின் அக்கா, செத்துப்போன டாம் மாமா என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டாளாம். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். அம்மா போய்ப் பல வருஷமாகியும் அக்காவும் தம்பியும் இன்னும் காணவில்லை என்றுதான் சொல்கிறார்கள். வேறு மாதிரி சொல்ல வாய் வரவில்லை.

"எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் கிடையாது. நாங்களும் போய்விட்டால், அவர் செத்துவிட்டார் என்று சொல்ல ஆள் இருக்காது" என்றார்.

நான் ஆட்டோவின் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஓடவில்லை.

வீட்டில் ஏதாவது சண்டையா?

வெளிநாட்டுக்காரர் கடலுக்குப் போகப் போகிறார் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கிரஹாம் தன் ஊரிலேயே அலைந்து பல ஆபீசுகளில் அனுமதி வாங்கி வைத்திருந்தார். ஒரு பை நிறைய இருந்தது. அந்தப் பையை இங்கே யாரும் திறக்கச் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு அமைதியான மனிதர். "இன்னா காணோம்?" என்றார்.

"ஒரு விமானம் சார். அதுல ஆளுங்க."

"எப்பலேர்ந்து?"

"யுத்த காலத்துலேர்ந்து."

"எந்த யுத்தம்?"

"ரெண்டாவது."

ஏட்டு பேனாவை மூடினார். "இத்தினி நாளா இன்னாம்மா பண்ணிகினு இருந்தீங்க?"

கிரஹாமிடம் கேட்டேன். டாம் திரும்பி வருவார் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தார் என்றார். அதைச் சொன்னதும் ஏட்டு மறுபடி பேனாவைத் திறந்தார்.

"வயசு?"

"இருபத்திரண்டு."

"அப்பவா, இப்பவா?"

இதையும் கிரஹாமிடம் கேட்டேன். "இப்போதும் இருபத்திரண்டுதான்" என்றார்.

"போறப்ப வீட்ல எதனா சண்டையா?"

ஆமாம் என்றார் கிரஹாம். தங்கையின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் முன்சக்கரத்தை வளைத்துவிட்டாராம் டாம். அதற்கப்புறம்தான் யுத்தத்துக்குக் கிளம்பியது. ஏட்டு அதையும் கவனமாக எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது ஏட்டு, "சார் எந்த டாக்டரு?" என்றார். பல் டாக்டர் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து, வாயைத் திறந்து காட்டினார்.

அதுதான் ஆரம்பம். மறுநாள் காலை காசிமேட்டில் அந்த வரிசை.

ஃபேன் இறக்கை

கிரஹாம் பல்லைப் பார்ப்பதோடு சரி. ஊசியோ மருந்தோ கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று எல்லோருக்கும் ஒரே அறிவுரை. அதைக் கேட்டுக்கொள்வதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு விமானத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சும்மா வந்து பல்லைக் காட்டினால் நன்றாக இருக்காது என்ற மரியாதைதான் காரணம்.

அப்புறம் பொருட்கள் வர ஆரம்பித்தன. வலையில் வந்தது, கரையில் ஒதுங்கியது என்று ஒரு வாஷிங் மெஷின் டிரம் வந்தது. லாரி பம்பர் வந்தது. ஒருவர் சீலிங் ஃபேன் இறக்கை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, இது முன்னாடி சுத்தறதா இருக்குமோ என்று கேட்டார். கிரஹாம் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, போட்டோ எடுத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த ஃபேன் இறக்கைக்காரர் போகும்போது, "கெடைக்காம போவாது நைனா" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேசப்பன் மத்தியானம் என்னிடம் வந்தார்.

"டெலிபோன் அக்கா, ஒரு எடம் கீது. எங்கப்பா காட்னது. ஏரோப்ளேன் பாருன்னு சொல்வாரு."

பாரு என்றால் கடலடியில் மீன் சேரும் திட்டு. அந்த மாதிரி இடங்களை மீனவர்கள் சொந்த அண்ணன் தம்பிக்குக்கூடக் காட்ட மாட்டார்கள். தேசப்பன் கன்னியம்மாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை என்பது பக்கத்தில் நின்ற அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"எங்கப்பா போய்ட்டாரு. ஏன் அந்தப் பேருன்னு நான் கேட்டதில்ல. தாய்மாமன்றதால சொல்றேன். ஆனா ஒரு கண்டிசன். போற வயிய அவரு பாக்கக் கூடாது. போனையும் ஆப் பண்ணி வெச்சுடணும்."

கிரஹாமிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார்.

கண்ணைக் கட்டிக்கொண்டு

விடிந்ததும் கிளம்பினோம். பெண்கள் லாஞ்சில் ஏறுவதில்லை என்று ஒருவர் இழுத்தார். "அக்கா பொம்பள இல்ல, டிரான்ஸ்லேட்டரு" என்று சொல்லித் தேசப்பன் என்னைக் கைபிடித்து ஏற்றிவிட்டார்.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் கிரஹாமின் தலையில் ஒரு ஈரத் துண்டைப் போட்டார்கள். என் தலையிலும் ஒன்று. தன் ஊரில் இருந்தபடியே வருஷக்கணக்காக வரைபடத்தில் தேடிய இடத்துக்கு அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு போனார். துண்டுக்குள் டீசல் வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து வந்தன. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். எனக்கும் இல்லை என்றார், ஏதோ சந்தோஷமான விஷயம்போல.

என்ஜின் நின்றது. துண்டை எடுத்தார்கள். நான்கு பக்கமும் தண்ணீர். மேற்கே மட்டும், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் குச்சிகளாகத் தெரிந்தன.

சங்கு எடுக்கக் கடலில் மூழ்கும் மைக்கேல் என்பவரைத் தேசப்பன் கூட அழைத்து வந்திருந்தார். அவர் காற்றுக் குழாயின் நுனியைக் கடித்துக்கொண்டு இறங்கினார். கிரஹாம் லாஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமிழிகளையே பார்த்தார். நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன், எதற்காக என்று தெரியாமலே. கிடைக்க வேண்டும் என்று சொல்வதா, கிடைக்கக் கூடாது என்று சொல்வதா?

மைக்கேல் மேலே வந்து குழாயைத் துப்பினார். "கீது" என்றார்.

"இன்னா கீது?" என்றார் தேசப்பன்.

"ரெக்கை கீது. வாலு கீது. எழுத்துகூட கீது."

நான் சொன்னதும் கிரஹாம் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். என்ன எழுத்து, எண்ணா, இங்கிலீஷா என்று கேட்டார்.

"தமிழு" என்றார் மைக்கேல்.

ஏரியில் வேலை பார்த்த நம் ஆட்கள் யாராவது எழுதியிருக்கலாம், விமானத்தில் பெயிண்டால் எழுதுகிற பழக்கம் உண்டு என்று கிரஹாம் வேகவேகமாகச் சொன்னார். மைக்கேல் பாசியைச் சுரண்டிவிட்டுப் படித்து வருவதாக மறுபடி இறங்கினார். இந்தத் தடவை வெகுநேரமாயிற்று. மேலே வந்தபோது அவர் கிரஹாமைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அக்கா, பெரியவர்கள் ஏறக் கூடாதுன்னு போட்டுகீது."

கயிறு கட்டி வின்ச்சில் இழுத்து மேலே ஏற்றினோம். ஃபைபரில் செய்த குட்டி விமானம். இரண்டு குழந்தைகள் உட்காரும் அளவு. மூக்கில் கண்ணும் சிரித்த வாயும் வரைந்திருந்த அடையாளம் மிச்சமிருந்தது. உள்ளேயிருந்து நண்டுகள் இறங்கி லாஞ்ச் முழுக்க ஓடின.

கிரஹாம் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, என்ன சொல்கிறது என்று கேட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எவ்வளவோ கெட்ட செய்திகளை டெலிபோனில் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதுபோல் எதுவும் கஷ்டமாக இருந்ததில்லை. சொன்னேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டாமுக்கு இருபத்திரண்டு. அவரை ஏற்றியிருப்பார்களா, மாட்டார்களா?" என்றார்.

கன்னியம்மாவின் தீர்ப்பு

கரையில் கன்னியம்மா அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொன்னாள். "இது ராட்டினத்துப் ப்ளேனு. திருவொற்றியூர் திருநாள்ல சுத்தும். நான் ஏறி, வாந்தி எடுத்துகீறேன்."

அப்புறம் மெல்ல எல்லாம் விளங்கிற்று. உடைந்த ராட்டினத்தை யாரோ பழைய இரும்புக் கடைக்குப் போட, தேசப்பனின் அப்பா அதிலிருந்து இதை வாங்கிக்கொண்டு போய், மீன் வந்து ஒண்டுவதற்காகக் கடலில் இறக்கியிருக்கிறார். ஏரோப்ளேன் பாரு என்று அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

தேசப்பன் கிரஹாமின் எதிரில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கிரஹாம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் கூட்டிப்போன இடத்தில் விமானம் இருந்தது, அதுவே பெரிய விஷயம் என்றார். அன்று மாலையே ஊருக்குக் கிளம்ப டிக்கெட்டை மாற்றப் போவதாகவும் சொன்னார்.

"எங்க போறாரு?" என்றாள் கன்னியம்மா. "தாய்மாமனுக்கு ஒண்ணும் பண்ணாம?"

ஆளே கிடைக்கவில்லையே என்றேன்.

"கடலுக்குப் போய் வராதவங்க எங்க தெருவுல எத்தினி பேரு. யாரு கெடைச்சாங்க? பண்ணலியா நாங்க? அதுக்கோசரம் தெருவுலயே நிக்க வெச்சிடுவமா அவுங்கள?"

நான் அதை ஒரு வார்த்தை விடாமல் கிரஹாமிடம் சொன்னேன், சுவரைப் பார்க்காமல். அவர் டிக்கெட்டை மாற்றவில்லை.

தோற்றம், மறைவு

போஸ்டர் அடிக்க ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். கிரஹாமிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. விமானத்துக்கு முன்னால் கூட்டாளிகளோடு டாம் வரிசையாக நிற்கும் படம். டாமை மட்டும் வெட்டி எடுக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

"கூட வந்தவங்கள உட்டுட்டா அவரு போவாரா? எல்லாரையும் போடு" என்றாள் கன்னியம்மா.

கடைக்காரர் சுறுசுறுப்பானவர். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாத் தலைகளையும் வெட்டி, தன் கம்ப்யூட்டரில் தயாராக இருந்த உடம்பில் ஒட்டிவிட்டார். அத்தனை விமானிகளும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மைனர் செயினோடு மேகத்துக்கு நடுவே நின்றார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் புறா. கீழே, கண்ணீருடன், தங்கச்சி மகன் கிராம்பு டாக்டர் மற்றும் காசிமேடு உறவினர்கள்.

கிரஹாம் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார். அழித்து மறுபடி போடச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். வேண்டாம், அவருக்கு நன்றாக இருக்கிறது என்றார்.

"தோற்றம் தேதி சொல்லுங்க" என்றார் கடைக்காரர். பிறந்த தேதி. கிரஹாம் சொன்னார்.

"மறைவு?"

அப்படியென்றால் என்ன என்று கிரஹாம் கேட்டார். கண்ணுக்குத் தெரியாமல் போவது என்றேன். ஒளிந்துகொள்வதற்கும் அதே வார்த்தை. செத்துப்போவதற்கும் அதுதான்.

"காணாமல் போவதற்கும் சாவதற்கும் ஒரே வார்த்தையா?"

"போஸ்டர்ல ஆமாம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அந்தத் தேதி எங்களுக்குத் தெரியும்" என்றார். சொன்னார். கடைக்காரர் அடித்தார். என்டர் தட்டினார். அவ்வளவுதான்.

யாருது?

ஊர்வலம் மறுநாள் காலை. குட்டி விமானத்தைக் கழுவி, சாமந்தியும் ரோஜாவும் சுற்றி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி, பின்னால் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். சடங்கு முடிந்ததும் அதை லாஞ்சில் ஏற்றிப் பழைய இடத்திலேயே இறக்கிவிட வேண்டும் என்று தேசப்பன் சொல்லியிருந்தார். மீன்களுக்கு வீடு போய்விட்டதாம்.

கிளம்பும்முன் கன்னியம்மா கிரஹாமுக்கு ஒரு பாடம் நடத்தினாள். "வர்றவங்க போறவங்க, செத்தவரு இன்னா வேணும்னு கேப்பாங்க. மாமான்னு சொல்லு. எங்க மாமான்னு சொல்லு." அவர் சொல்லிப் பார்த்தார். மா என்பதை ரொம்ப நீட்டினார். அவள் திருத்தினாள்.

மேளம் அடித்தார்கள். வெடி போட்டார்கள். பல்வலிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். போலீஸ் ஏட்டும் மஃப்டியில் வந்து ஓரமாக நடந்தார். எங்கள் ஃபாதர் கல்லறைத் தோட்டத்து ஜெபத்தைச் சொல்லித் தண்ணீர் தெளித்தார். அதை அடுத்துத் தேசப்பனின் ஆட்கள் சங்கு ஊதிச் சூடம் கொளுத்தினார்கள். யாருக்கும் எதுவும் இடிக்கவில்லை.

துறைமுகச் சாலை ஓரத்தில், லாஞ்ச் வரும்வரை வண்டியை நிறுத்தியிருந்தபோது, கிரஹாம் தன் அக்காவுக்குப் போன் போட்டார். அக்காவுக்குக் காது மந்தம். அதனால் ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"டாம் செத்துவிட்டார்" என்றார் கிரஹாம்.

லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து போனின் திரையைப் பார்த்தேன்.

"எப்போது?" என்றது ஒரு வயதான குரல்.

"யுத்தத்தில்."

"ஓ" என்றார் அக்கா. பிறகு, "கூட யாராவது இருந்தார்களா?"

கிரஹாம் ஃப்ளெக்ஸ் பக்கம் திரும்பி, மைனர் செயின் போட்ட ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, ஒவ்வொரு பெயராகச் சத்தமாகச் சொன்னார். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னார்.

அசல் விமானம் இன்னும் அந்தக் கடலில் எங்கோதான் கிடக்கிறது. அதைத் தேடுவாரா, மாட்டாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் சாலையில் இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள் தேங்கி ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வெயிலில் வியர்த்து வழிய வந்தார். விமானத்தை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்தார்.

"இந்தப் ப்ளேன் யாருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிரஹாம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் போனார்.

"எங்க மாமாது" என்றார்.

போலீஸ்காரர் அவரைப் பார்த்தார், ஃப்ளெக்ஸைப் பார்த்தார், மாலைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். அப்புறம் நடுச்சாலைக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டி, துறைமுகத்துக்குப் போகும் லாரிகளையும் வரும் லாரிகளையும் நிறுத்தினார். நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தோம்.